ஆறு ஊர் ரம், ஒரே மேசை: விடுமுறையில் சுவைத்துப் பார்த்து விமர்சனம் எழுதும் முறை

ரம் கறுப்பாக இருந்தால் வயதானது. பாட்டிலில் 23 என்று போட்டிருந்தால் 12-ஐவிட உசத்தி. எரியாமல் இறங்கினால் நல்ல சரக்கு. கடை வாசல் தொடங்கி கிறிஸ்துமஸ் விருந்து வரை ஓதப்படும் இந்த மூன்று மந்திரங்களையும் முதலில் ஓரம் கட்டுங்கள். கறுப்பு நிறம் பல பாட்டில்களில் கருக்கிய சர்க்கரையிலிருந்து வருவது. கொஞ்சம் காரமெல் போதும், பீப்பாய் தேவையில்லை. பீப்பாயில் கிடந்த ரம்மைக் கரியில் வடிகட்டினால் நிறம் போய்விடும். பக்கார்டியின் வெள்ளை ரம் அப்படி வருவதுதான். எண் விஷயம் இன்னும் மோசம். குவாத்தமாலாவின் சகாபா 23 என்பது 6 முதல் 23 வயது வரையுள்ள ரம்களின் கலவை. ஜமைக்கா, பார்படோஸ் பாட்டில்களில் 12 என்றால் அதிலிருக்கும் மிக இளைய ரம்முக்கே 12 வயது. எரியாமல் இறங்குவது பெரும்பாலும் சர்க்கரையின் வேலை. அதைக் கண்டுபிடிக்கும் வழி கீழே வருகிறது.

பல நாட்டு ரம்களை ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதற்கு டிசம்பர் கடைசி வாரம் வசதியான காலம். ஊருக்கு வரும் ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒரு பாட்டில் இருக்கும். இந்தியாவுக்குள் வரும் பயணி 2 லிட்டர் வரை சுங்க வரியில்லாமல் மது கொண்டுவரலாம். 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பாட்டிலை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். ஓவர்புரூஃப் (ஆல்கஹால் வழக்கத்தைவிட மிக அதிகமுள்ள ரம்) வாங்கச் சொல்லி அனுப்பும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆறு பேர் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்தால் செலவு பகிர்ந்துவிடும். ஆளுக்கு 15 மி.லி. ஊற்றினால் ஒரு பாட்டிலில் 90 மி.லி.தான் குறையும்.

எந்த ஆறு?

ஒரு நாட்டு ரம்முக்கென்று தனிச் சுவை வருவது அங்கே எதைப் புளிக்க வைக்கிறார்கள், எத்தனை நாள், எந்தக் கலத்தில் வடிக்கிறார்கள், எந்தப் பீப்பாயில் எவ்வளவு காலம் போடுகிறார்கள் என்பதால். ஆகவே ஆறு பாட்டிலும் இந்த நான்கில் ஒன்றுக்கொன்று வேறுபட வேண்டும். மொலாசஸை (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகு) ஒன்றரை நாள் புளிக்கவைத்து, தூண் வடிகலத்தில் (தூண்போல் உயர்ந்த, இடைவிடாமல் வடிக்கும் கலம்) வடித்து, வெனிலா வாசத்தோடு முடித்த நான்கு ரம்களை நான்கு நாட்டுக் கொடியோடு வைத்தால் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

முதலில் கியூபா அல்லது போர்ட்டோ ரிக்கோ பாணியில் ஒன்று. ஹவானா கிளப் 3 போதும். தூண் வடிகலம் சாராயத்தை மிகச் சுத்தமாகப் பிரிப்பதால் இதில் வாசம் மெலிது. மற்ற ஐந்தையும் அளக்க இதுதான் அடிக்கோடு.

இரண்டாவது பார்படோஸ். மவுண்ட் கே நிறுவனம் தன் தொடக்கத்தை 1703-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றிலிருந்து கணக்கிடுகிறது. அதன் எக்லிப்ஸோ, ஃபோர்ஸ்குவேர் வடிசாலையின் டோர்லிஸ் 12 ஆண்டோ எடுக்கலாம். பானை வடிகலத்தில் தடவை தடவையாக வடித்த சரக்கையும் தூண் வடிகலச் சரக்கையும் கலப்பது இந்தத் தீவின் வழக்கம். ஒன்று எடை தரும், மற்றது நேர்த்தி தரும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நல்ல ரம்முக்கு உதாரணம் காட்டச் சொன்னால் கை இந்த ஊர்ப் பாட்டிலை நோக்கித்தான் போக வேண்டும்.

மூன்றாவது மார்த்தினீக், வெள்ளை, 50 சதவீதம். கிளெமான், நெய்ஸோன், ழி எம், லா ஃபாவோரீத் எதுவானாலும் சரி. இது மொலாசஸ் இல்லை, நேரடிக் கரும்புச்சாறு. 1996 முதல் பிரெஞ்சு ஒயின்களுக்கு உள்ளது போன்ற தோற்றப்பெயர் விதி இதற்கு உண்டு: எந்தக் கரும்பு, எந்த வடிகலம், எத்தனை சதவீதத்தில் வடிப்பது என்பதெல்லாம் அதில் அடங்கும். வெட்டிய கரும்பின் பச்சை வாசம், எலுமிச்சைத் தோல், மிளகு, சில சமயம் ஊறுகாய் ஜாடியின் உப்புநீர். முதல்முறை முகர்கிறவர்கள் 'இது ரம்மே இல்லை' என்பார்கள். பொங்கலுக்குக் கரும்பு வந்ததும் ஒரு துண்டைக் கடித்துவிட்டு இதை மறுபடி முகரச் சொல்லுங்கள். இந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் கூலிகளாகக் கப்பலேறினார்கள் என்பதையும் மேசையில் யாராவது நினைவுபடுத்தலாம்.

நான்காவது கயானா. எல் டொராடோ 12 அல்லது 15. டெமராரா ஆற்றங்கரையிலிருக்கும் டயமண்ட் வடிசாலையில் மரத்தால் செய்த பழைய வடிகலங்கள் இன்னும் ஓடுகின்றன: என்மோரின் மரத்தூண், வெர்சாயின் ஒற்றைப் பானை, போர்ட் மொரண்டின் இரட்டைப் பானை. அந்தந்தத் தோட்டத்து ஆலைகள் மூடப்பட்டபோது வடிகலத்தைக் கைவிடாமல் இடம் மாற்றிக்கொண்டே வந்தார்கள். போர்ட் மொரண்ட் சரக்கு அதிகமுள்ள ரம்மில் அதிமதுரமும் சோம்பும் முன்னால் வரும். அதை ஒருமுறை பிடித்துவிட்டால் எந்தக் கலவையிலும் மூக்கு கண்டுபிடிக்கும்.

ஐந்தாவது நம்மூர் ஓல்ட் மங்க். மோகன் மீக்கின் நிறுவனத்தின் 1954-ஆம் ஆண்டு அறிமுகம், 42.8 சதவீதம். இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம் ஆல்கஹாலின் வலுவைச் சொல்லும் பழைய பிரிட்டிஷ் புரூஃப் கணக்கு. 100 புரூஃப் என்றால் 57.1 சதவீதம், அதில் நூற்றுக்கு 75 பங்கு 42.8. நம் நாட்டு விஸ்கி, பிராந்தி, ரம் பாட்டில்களில் அச்சிடப்படும் எண் இப்படித்தான் வந்தது. ஓல்ட் மங்க்கை இந்த வரிசையில் வைப்பதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. எல்லோருடைய நாக்கிலும் ஏற்கெனவே பதிந்திருக்கும் ஒரே ரம் அதுதான். மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுச் சொன்னால் படிக்கிறவருக்கு உடனே பிடிபடும்.

ஆறாவது ஜமைக்கா. மேசையின் உச்சம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கே சில வடிசாலைகள் மொலாசஸை வாரக்கணக்கில் புளிக்க விடுகின்றன. போன முறை வடித்தபின் கலத்தடியில் மிஞ்சிய புளித்த கழிவை அடுத்த நொதிப்பில் சேர்க்கிறார்கள். அதற்கு டண்டர் என்று பெயர். அதனால் பாக்டீரியா பெருகி, பியூட்ரிக் அமிலம் போன்றவை சேர்கின்றன. அந்த அமிலம் தனியாக இருந்தால் குழந்தை கக்கிய பால் வாடை. ஆல்கஹாலோடு சேர்ந்து எஸ்டர் என்ற வாசச் சேர்மமானால் அதுவே அன்னாசி வாசம். எஸ்டர் அளவை 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு இத்தனை கிராம் என்று அளப்பார்கள். ஹாம்ப்டன் வடிசாலையின் உச்ச வகையில் இது 1500-ஐத் தாண்டும். குடிக்க அதெல்லாம் தேவையில்லை: ஸ்மித் அண்ட் கிராஸ் 57 சதவீதம், ஹாம்ப்டன் 8 ஆண்டு 46 சதவீதம், அல்லது எளிதில் கிடைக்கும் ரே அண்ட் நெஃப்யூ 63 சதவீதம். ஆப்பிள்டன் எஸ்டேட் நல்ல ரம்தான். ஆனால் அது சாந்தமான ஜமைக்கா. முரட்டு முகத்தைக் காட்டாது.

ஸ்பைஸ்டு ரம், தேங்காய் ரம் எல்லாம் இந்த மேசைக்கு வேண்டாம். சேர்த்த மசாலாவைத்தான் விமர்சிப்பீர்கள்.

வரிசை மாறினால் எல்லாம் போச்சு

மேலே சொன்ன வரிசையிலேயே ஊற்றுங்கள். மெலிதிலிருந்து அடர்த்திக்கு, இனிப்பில்லாததிலிருந்து இனிப்புக்கு, கடைசியில் ஜமைக்கா. இனிப்பு ரம்முக்குப் பிறகு இனிப்பில்லாததைக் குடித்தால் அது வெறும் கசப்பும் மரத்தூளுமாகத் தெரியும். பார்படோஸ் பாட்டிலை ஓல்ட் மங்க்குக்குப் பின் வைத்து, 'இது சப்பென்று இருக்கிறது' என்று எழுதும் விமர்சனங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. ஜமைக்காவை நடுவில் வைத்தால் அடுத்த இரண்டு கோப்பையிலும் அன்னாசிதான் மணக்கும். மார்த்தினீக்குக்குப் பிறகு கால் மணி நேரம் இடைவெளி விடுங்கள். முடிந்தால் மூன்று மூன்றாக இரண்டு மாலைகளில் பிரிப்பது இன்னும் மேல். நான்காவது கோப்பையிலிருந்து மூக்கு சோர்ந்துபோவது எல்லோருக்கும் நடக்கும்.

மேசை, கண்ணாடி, சைடு டிஷ்

அடி அகன்று வாய் குறுகிய துலிப் வடிவக் கண்ணாடி வேண்டும். விஸ்கிக்கான கிளென்கேர்ன், ஷெர்ரிக்கான கோப்பிட்டா, இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ். ஸ்டீல் டம்ளரும் அகலமான விஸ்கி கிளாஸும் வாசத்தைக் கூரைக்கு அனுப்பிவிடும். எல்லா ரம்முக்கும் ஒரே வடிவக் கண்ணாடியாக இருக்கட்டும். எலுமிச்சை மணமுள்ள பாத்திரச் சோப்பில் கழுவினால் மார்த்தினீக்குக்கு இல்லாத எலுமிச்சை வந்து சேரும். வெந்நீரில் மட்டும் அலசி, துடைக்காமல் காயவிடுங்கள். அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடிக்குள் பழைய மரவாடை தங்கும். ஊற்றுவதற்கு முன் காலிக் கண்ணாடியை ஒருமுறை முகர்ந்தே ஆக வேண்டும்.

அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்தி, மல்லிகைச் சரம் எதுவும் கூடாது. பல் துலக்கியோ காபி குடித்தோ ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சைடு டிஷ்தான் பெரிய எதிரி. மிளகாயின் காரமும் ஆல்கஹாலின் எரிச்சலும் வாயில் ஒரே வெப்ப உணர்வியைத்தான் தூண்டுகின்றன. மிளகாய்ப்பொடி போட்ட கடலையைக் கொறித்துவிட்டுக் குடித்தால் 40 சதவீத ரம் 55 போல எரியும். உப்பில்லாத பொரி இந்த வேலைக்கு அற்புதமான பொருள். வெறும் ரொட்டித் துண்டும் சரி. மீன் வறுவலும் பிளம் கேக்கும் எழுதி முடித்தபின் வரட்டும். ஆனால் வெறும் வயிற்றில் உட்காராதீர்கள். ஒன்றரை மணி நேரம் முன்பே காரமில்லாமல் சாப்பிட்டுவிடுங்கள்.

வெப்பநிலை 20 முதல் 22 டிகிரி. சென்னை, மதுரை வீடுகளில் டிசம்பரிலும் அறை இதைத் தாண்டும். சூடான ரம்மில் ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு மூக்கைக் குத்தும். பாட்டிலைப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். அரை மணி நேரம் வைத்துவிட்டால் வாசம் அடைத்துக்கொள்ளும். ஐஸ் கிடையாது.

ஆறு கோப்பை, ஒவ்வொன்றிலும் 15 மி.லி., சராசரி 45 சதவீதம் என்றால் மொத்தம் 32 கிராம் தூய ஆல்கஹால், ஒன்றரை லார்ஜ் பெக்குக்கும் சற்று அதிகம். அதனால் துப்புவதற்கு ஆளுக்கொரு டம்ளர் வையுங்கள். துப்புவது அநாகரிகம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஐந்தாவது ரம்மைப் பற்றி உருப்படியாக எழுதப்போகிறவர் துப்பியவர்தான். வண்டிச் சாவி மேசைக்கு வரக்கூடாது: சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கும், எங்கேயானாலும் கர்ப்பிணிகளுக்கும், மருந்து மாத்திரையில் இருப்பவர்களுக்கும் இந்த மேசையில் இடமில்லை.

மூக்கு முதலில்

ஊற்றியதும் கண்ணாடியைச் சின்னத் தட்டால் மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். 55 சதவீதத்துக்கு மேல் என்றால் பத்து. பிறகு தட்டை எடுத்து, கண்ணாடியைத் தாடைக்குக் கீழே பிடித்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். வாசம் எந்த உயரத்தில் தெரிகிறதோ அங்கே நிறுத்துங்கள். மூக்கை உள்ளே நுழைத்து இழுத்தால் அந்தக் கோப்பையோடு மூக்கு முடிந்தது. வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, நாய் மோப்பம் பிடிப்பதுபோல் குட்டிக் குட்டியாக முகருங்கள். ஒயினைச் சுழற்றுவதுபோல் சுழற்ற வேண்டாம். ஆல்கஹால்தான் மேலே கிளம்பும். மரத்துப்போனால் சொந்த முழங்கையின் உட்பக்கத்தை முகர்ந்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள்.

அடுத்து நாக்கு. முதல் மிடறு 2 மி.லி. போதும், அதைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். வாய்க்கு ஆல்கஹாலைப் பழக்க அது. இரண்டாவது மிடறு 3 மி.லி.; பத்து நொடி வாய் முழுக்கப் புரட்டி, பாதியை விழுங்கி பாதியைத் துப்பி, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ரம்மின் பாதிக் கதை அந்த மூச்சில்தான் வரும். பின்சுவையை 15 நொடி, 1 நிமிடம், 3 நிமிடம் என்று செல்போன் கடிகாரத்தை வைத்து மூன்று முறை குறியுங்கள். 'நீண்ட பின்சுவை' என்று எழுதுவதைவிட 'மூன்றாவது நிமிடத்திலும் அதிமதுரம்' என்பது யாருக்கும் பயன்படும்.

வலுவான ரம்களுக்குத் தண்ணீர் வேண்டும். கணக்கு எளிது: ரம்மின் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து 1 கழித்து, ரம்மின் அளவால் பெருக்குங்கள். 15 மி.லி. 57 சதவீத ரம்மை 46-க்கு இறக்க 3.5 மி.லி. தண்ணீர். 63-ஐ 45-க்கு இறக்க 6 மி.லி. 50-ஐ 43-க்கு இறக்க 2.5 மி.லி. மருந்துக் கடையில் கிடைக்கும் 5 மி.லி. ஊசியில்லாத சிரிஞ்சால் அளக்கலாம். முதலில் தண்ணீரில்லாமல் எழுதிவிட்டுப் பிறகு பாதிப் பாதியாகச் சேருங்கள். குளோரின் வாடையில்லாத ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. தண்ணீர் விட்டதும் ரம் கலங்கினால் பயப்பட வேண்டாம். குளிர்வடிகட்டல் (குளிரவைத்து வடிகட்டுவது) செய்யாத ரம்மில் கொழுப்பு சார்ந்த எஸ்டர்கள் கரையாமல் பிரிகின்றன, அவ்வளவுதான்.

சர்க்கரையைப் பிடிப்பது

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் ரம் என்ற பெயரில் விற்க லிட்டருக்கு 20 கிராம் இனிப்புதான் உச்சம். ஜமைக்கா, மார்த்தினீக் விதிகளில் இனிப்பூட்டவே இடமில்லை. பல நாட்டு லேபிள்களில் சர்க்கரை பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. சர்க்கரை சேர்ப்பது குற்றமில்லை. தெரியாமல் அதற்கு மதிப்பெண் போடுவதுதான் தவறு.

வெள்ளைப் பீங்கான் தட்டில் 10 மி.லி. ரம்மை ஊற்றி, அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டாத இடத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒன்றிரண்டு நாள் விடுங்கள். இனிப்பில்லாத ரம் மெல்லிய காய்ந்த கறையை விட்டுச்செல்லும். லிட்டருக்கு 20 கிராம் இருந்தால் தட்டில் 0.2 கிராம் மிஞ்சும், விரல் பிசுபிசுக்கும். சில வீடுகளில் எறும்பே தீர்ப்பு சொல்லிவிடும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஆல்கஹால் அளக்கும் ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள். சர்க்கரை ரம்மின் அடர்த்தியைக் கூட்டுவதால் கருவி குறைவாகக் காட்டும். லேபிளில் 40, கருவியில் 35 என்றால் ஒரு புள்ளிக்குச் சுமார் 4 கிராம் வீதம் லிட்டருக்கு 20 கிராம். இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் வெப்பநிலை. கருவி 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சுமார் 0.4 புள்ளி கூடுதலாகக் காட்டும். 30 டிகிரி அறையில் அளந்தால் 36 என்பது 40 ஆகத் தெரிந்து, சர்க்கரையே இல்லை என்று எழுதிவிடுவீர்கள். அளவுக் குடுவையைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, வெப்பமானியில் 20 பார்த்தபின் படியுங்கள். கருவியில் குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்கு தப்பும். ஒரு சுழற்று சுழற்றி விடுங்கள்.

மறைத்து ஊற்றுதல்

ஊற்றுகிறவர் ஒருவர், சுவைக்கிறவர் மற்றவர்கள். கண்ணாடியின் அடியில் எழுத்து ஒட்டி, வெளிப்புறம் அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டால் நிறம் தெரியாது. ஊற்றுகிறவருக்கு வரிசை விதி தெரிந்திருக்க வேண்டும். அவர் ஏழாவதாக, ஏற்கெனவே வந்த ஒன்றையே சொல்லாமல் இன்னொரு முறை தரட்டும். ஜமைக்காவுக்குப் பின் வருவதால் அதுவும் ஜமைக்காவாகவோ, அடுத்த நாள் மாலையிலோ இருப்பது நல்லது. ஒரே ரம்முக்கு நீங்கள் 20-க்கு 16-ம் 12-ம் போட்டிருந்தால் அன்றைய மதிப்பெண்கள் எதையும் வெளியிட வேண்டாம். அனுபவசாலிகளும் இதில் தோற்பதுண்டு.

எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. ஒருவர் 'வாழைப்பழம்' என்று சொன்ன நொடியில் மேசை முழுக்க வாழைப்பழம் மணக்கும்.

நம் மூக்குக்குத் தெரிந்த சொற்கள்

மேப்பிள் சிரப், டாஃபி, பிளாக்பெர்ரி என்று வெளிநாட்டுக் குறிப்புகளைப் பெயர்த்து எழுதுவதில் அர்த்தமில்லை. எழுதுகிறவருக்கே அந்த வாசங்களில் பாதி பழக்கமிருக்காது. கரும்புக்கும் வெல்லத்துக்கும் நம்மிடம் இருக்கும் சொல்வளம் உலகில் சிலருக்குத்தான் உண்டு. அச்சுவெல்லமா, மண்டைவெல்லமா, கருப்பட்டியா, பனங்கற்கண்டா, பாகு கம்பிப் பதத்தில் இருக்கிறதா, அடிப்பிடித்துவிட்டதா என்பதெல்லாம் ரம்மில் வெவ்வேறாகவே தெரியும்.

சில வாசங்களுக்கு வேதியியல் காரணம் தெரிந்திருப்பதால் நம்பி எழுதலாம். கனிந்து தோல் கறுத்த வாழைப்பழமும் அன்னாசியும் நொதிப்பில் பிறக்கும் எஸ்டர்கள். நெயில் பாலிஷ் என்பது எத்தில் அசிடேட்; கொஞ்சம் இருந்தால் பழத்துக்குப் பளபளப்பு, மிஞ்சினால் பசை வாடை. வெனிலா, தேங்காய், கிராம்பு மூன்றும் ஓக் மரத்திலிருந்து வருபவை. முதிர்ந்த ரம்மில் வெந்தயம் மணந்தால் கற்பனை என்று அடித்துவிடாதீர்கள். சோட்டலோன் என்ற சேர்மம் வெந்தயத்திலும் உண்டு, முதிர்ந்த ரம்மிலும் உண்டு. வெனிலா மட்டும் ஐஸ்கிரீம் எசன்ஸ் போலத் தனித்து நின்று, கூடவே மரத்தின் துவர்ப்பே இல்லையென்றால் அது பீப்பாயிலிருந்து வந்ததா என்று சந்தேகப்படலாம். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் தக்கை கெட்டிருக்கிறது. ரம்மைக் குறை சொல்ல வேண்டாம், வேறு பாட்டிலில் சுவைத்துவிட்டு எழுதுங்கள்.

தடுமாறினால் ஒரு பயிற்சி. ஆறு சின்னக் கிண்ணங்களில் கருப்பட்டி, உலர்திராட்சை, கிராம்பு, அதிமதுரம், எலுமிச்சைத் தோல், அன்னாசித் துண்டு வைத்து, ரம்மையும் கிண்ணத்தையும் மாறி மாறி முகருங்கள். அரை மணி நேரத்தில் வாய்க்குச் சொல் வரும்.

மதிப்பெண்ணும் எழுத்தும்

100-க்கு 87 என்பதற்கும் 88 என்பதற்கும் எந்த மூக்காலும் வித்தியாசம் காட்ட முடியாது. 20 போதும்: வாசத்துக்கு 6, வாய்க்கு 6, பின்சுவைக்கு 4, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதற்கு 4. 10-க்குக் கீழே என்றால் கோலாவோடு மட்டும், 13 என்றால் கொடுத்தால் குடிக்கலாம், 16 என்றால் காசு கொடுத்து வாங்கலாம். விலையை மதிப்பெண்ணுக்குள் கலக்காமல் தனி வரியில் எழுதுங்கள். கோவாவில் ஒரு விலை, சிங்கப்பூரில் ஒரு விலை, டியூட்டி ஃப்ரீயில் ஒரு விலை என்பதால் எங்கே, எப்போது வாங்கியது என்பதும் வேண்டும். ஒரு ரம்மை வெவ்வேறு நாளில் இரண்டு முறை சுவைத்தபின்தான் எண் போட வேண்டும்.

'ஸ்மூத்' என்ற சொல்லை அறவே விலக்குங்கள். அது சர்க்கரையையோ குறைந்த ஆல்கஹாலையோ மறைக்கும் திரை. ஒரு மாதிரி விமர்சனம் இப்படி இருக்கலாம்:

ஜமைக்கா, மொலாசஸ், பானை வடிகலம், 57 சதவீதம், வயது குறிப்பில்லை. டிசம்பர் 24 திறந்தது, 27-லும் 29-லும் சுவைத்தது. தட்டுச் சோதனையில் பிசுபிசுப்பு இல்லை. வாசம்: மூடியை எடுத்ததும் நெயில் பாலிஷ்; ஐந்து நிமிடத்தில் அது ஒதுங்கி, பழக்கடையின் பின்பக்கம் போல அளவு மீறிக் கனிந்த பூவன் பழமும் அன்னாசியும். அடியில் கருப்பட்டி. வாய்: முதலில் காரம், பிறகு இனிப்பில்லாத வெல்லப்பாகு, கிராம்பு. 3.5 மி.லி. தண்ணீர் சேர்த்தால் அன்னாசி கூடுகிறது, கிராம்பு மறைகிறது. பின்சுவை: ஒரு நிமிடம் வரை பழம், மூன்றாம் நிமிடத்தில் புளிப்பு கலந்த புகை. குறை: தண்ணீரில்லாமல் கொஞ்சம் முரடு. 20-க்கு 16. ஓல்ட் மங்க் மட்டுமே பழகியவர் நேராகக் குடிக்க வேண்டாம்; எலுமிச்சையோடு தொடங்கலாம்.

கடைசி வரி முக்கியம். யாருக்கு இது பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று சொல்லாத விமர்சனத்தால் வாங்கப்போகிறவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

கலந்து குடிக்கவே செய்யப்பட்ட ரம்மைத் தனியாகச் சுவைத்து மட்டும் தீர்ப்பளிப்பது அநியாயம். வெள்ளை ரம்களுக்கு அரை அளவு டைக்கிரி காக்டெய்ல்: 30 மி.லி. ரம், 12 மி.லி. எலுமிச்சைச் சாறு, 10 மி.லி. சர்க்கரைப் பாகு, பாகு சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு. ஐஸோடு பத்து நொடி குலுக்கி வடிகட்டுங்கள். சாறு அன்றே பிழிந்ததாக இருக்க வேண்டும். மார்த்தினீக்குக்கு அந்த ஊரின் 'டி பன்ச்' (Ti' Punch): 50 மி.லி. ரம், ஒரு தேக்கரண்டி கரும்புப் பாகு, தோலோடு சீவிய எலுமிச்சைத் துண்டைப் பிழிந்து உள்ளேயே போட்டு, ஐஸில்லாமல் கலக்கிக் குடிப்பது. முகர்ந்தபோது முகம் சுளித்தவர்கள் இதில் மனம் மாறுவதுண்டு. இவற்றை வேறொரு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவைத்த இரவிலேயே ஆரம்பித்தால் 32 கிராம் கணக்கெல்லாம் காற்றில் போகும்.

கண்ணாடிகளை அன்றிரவே கழுவாதீர்கள். காலையில் எழுந்ததும் காபிக்கு முன் ஒவ்வொன்றையும் முகருங்கள். மெலிந்த ரம்மின் கண்ணாடியில் ஒன்றுமிருக்காது. கயானா கண்ணாடியில் பழைய வெல்ல மண்டியின் வாசமும், ஜமைக்காவில் தோல் செருப்பும் காய்ந்த பழமும் நிற்கும். ஆல்கஹால் முழுக்கப் போனபின் மிஞ்சும் இந்த வாசத்தையும் குறிப்பின் அடியில் சேருங்கள்.

மிச்ச பாட்டில்களை நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் வலுவான ஆல்கஹால் தக்கையை அரிக்கும். வெயில் படாத அலமாரி போதும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய பாட்டிலில் காற்று அதிகம் என்பதால் சில மாதங்களில் வாசம் தட்டையாகிவிடும். அதைச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளுக்கு விளிம்புவரை மாற்றுங்கள்; பிளாஸ்டிக்கும் ரப்பர் மூடியும் வாடை ஏற்றும். பெயர், சதவீதம், திறந்த தேதி மூன்றையும் எழுதி ஒட்டிவிட்டு மார்த்தினீக் குப்பியை மட்டும் முன்வரிசையில் வையுங்கள், பொங்கலுக்குக் கரும்பு வரும்.